வாய்க்கால் ஊசி மீன் வீட்டுத் தொட்டிக்கு வந்தால்...

மேட்டூர் அணை ஜனவரி 28-ம் தேதி மூடப்படுவது வழக்கம். அதன் பிறகு வெண்ணாற்றுக் கடைமடை வாய்க்கால்களில் ஓட்டம் நின்று, மதகுகளுக்குக் கீழே உள்ள பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். சம்பா அறுவடை நடக்கும் அந்த நாள்களில் பள்ளத்தில் சிக்கிய மீன்களைப் பிடிக்கப் பிள்ளைகள் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, குரவை கிடைத்தால் குழம்புக்குப் போய்விடும். அவற்றோடு விரல் கனத்தில், கொக்கின் அலகு போல நீண்ட வாயோடு ஒரு மீனும் வரும். சதை குறைவு என்று அதைக் கரையில் வீசிவிட்டுப் போவார்கள். அதுதான் ஊசி மீன். கொக்கு மீன் என்றும் சொல்வார்கள்.

இதன் அறிவியல் பெயர் செனென்டோடான் கான்சிலா. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட கங்கை ஆற்று மீன்கள் பற்றிய நூலில் இதை முதன்முதலில் விவரித்தார். இந்தியா, இலங்கை தொடங்கி மீகாங் ஆறு பாயும் நாடுகள் வரை இந்த மீன் உண்டு. அதிகபட்சமாக 40 சென்டிமீட்டர் வரை வளரும். வாய்க்காலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். கடலில் பிடிபடும் முரல் மீனும் இதுவும் ஒரே குடும்பம். உப்புத் தண்ணீருக்குப் போகாமல் ஆறு, குளம், வாய்க்காலிலேயே காலம் தள்ளும் முரல் என்று இதைச் சொல்லலாம்.

வெளிநாடுகளில் இதை அலங்கார மீனாக விலை கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். வாய்க்காலோரம் குடியிருக்கும் விவசாயி வீட்டில் இதை வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் தங்க மீன், குப்பி வளர்ப்பது போல நினைத்துத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே மீன் போய்விடும். திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைக் கிராமம் ஒன்றில், 9 மா நிலம், அதாவது 3 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வீட்டில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது தொடங்கிய வேலை இது.

முதல் மூன்று மீன்கள்

மாசி மாதத்தில் மதகுப் பள்ளத்திலிருந்து மூன்று ஊசி மீன்களை அவள் கொண்டுவந்தாள். கைவலையில் அள்ளியபோதே ஒன்றின் அலகு வலைக்கண்ணில் சிக்கிக்கொண்டது. பாலிதீன் பையில் போட்டதும் அலகு குத்திப் பையில் ஓட்டை விழுந்தது. கடைசியில் பெயின்ட் வாளியில் போட்டுத் தூக்கி வந்தாள். வீட்டில் தங்க மீன் வளர்த்துவந்த இரண்டடித் தொட்டி சும்மா கிடந்தது. அதில் விட்டாள்.

அன்று இரவு ஒன்பது மணிக்குக் கூடத்து விளக்கைப் போட்டார்கள். இருட்டில் அசையாமல் நின்ற மீன்களில் ஒன்று அம்பு போலப் பாய்ந்து கண்ணாடியில் மோதியது. மேல் அலகு முனையிலிருந்து கால்வாசி உடைந்துவிட்டது. இரையைக் கவ்விப் பிடிக்க அலகுதான் இதற்குக் கை. உடைந்த மீன் ஒன்றும் தின்னாமல் ஆறாம் நாள் செத்தது. இன்னொரு மீன், மூடிக்கும் தொட்டிக்கும் நடுவே காற்றுக் குழாய்க்காக விட்டிருந்த இரண்டு விரல் சந்து வழியாக இரவில் துள்ளி வெளியே விழுந்தது. காலையில் அம்மி ஓரத்தில் காய்ந்து கிடந்தது.

மீதி இருந்தது ஒன்று. அதையாவது காப்பாற்ற வேண்டும் என்று பள்ளியின் உயிரியல் ஆசிரியையிடமும், நகரத்தில் மீன் கடை வைத்திருப்பவரிடமும் கேட்டாள். அவர்கள் சொன்னதோடு, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து இந்த மீன் எங்கே நிற்கிறது, எப்போது நகர்கிறது என்று தானும் கவனித்தாள். தொட்டியைச் சரியாக அமைக்க அந்தக் கவனிப்புதான் உதவியது.

நீளம் மட்டும் போதாது, அகலமும் வேண்டும்

ஊசி மீன் தண்ணீரின் மேல்மட்டத்தை விட்டுக் கீழே அதிகம் போவதில்லை. வேலம்பாசியோரம், சாய்ந்த கோரைக்குக் கீழே, குச்சி கிடப்பது போல மணிக்கணக்கில் நிற்கும். ஆகவே ஆழமான தொட்டி இதற்குப் பயன்படாது. உடம்பு விறைப்பானது என்பதால் திரும்புவதற்கு இடம் வேண்டும். நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் உள்ள தொட்டி மூன்று மீன்களுக்குப் போதும். அதில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் ஏறக்குறைய 225 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 225 கிலோ எடை என்பதால், மர ஸ்டூல் மேல் வைக்கக் கூடாது. செங்கல் கட்டின மேடையோ, இரும்பு ஸ்டாண்டோ வேண்டும்.

இந்த அளவில் ஒரு பழைய தொட்டி 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது. "குழம்புக்கு ஆகாத மீனுக்கு மூவாயிரத்தி ஐந்நூறா பாப்பா?" என்று அப்பா கேட்டார். "ஒரு தடவதானேப்பா, அடுத்த வருஷம் கேக்க மாட்டேன்" என்றாள் மகள். அவர் வாங்கித் தந்துவிட்டார். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மோதல் பயத்துக்குச் செய்த ஏற்பாடுகள் எளிமையானவை. தொட்டியின் பின்பக்கம், இரண்டு பக்கவாட்டுக் கண்ணாடிகள் ஆகிய மூன்றுக்கும் வெளியே பழுப்புத் தாள் ஒட்டினாள். சுவர் இருப்பது தெரிந்தால் மீன் அங்கே பாயாது. தொட்டியை ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள கூடத்திலிருந்து திண்ணையை ஒட்டிய அறைக்கு மாற்றினார்கள். இரவில் திடீரென்று விளக்குப் போடாமல் இருக்க, அந்த அறையில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

மேலே நிழலுக்கு மாட்டுத் தீவனத்துக்கென்று வளர்க்கும் அசோலாவையே போட்டாள். அசோலா இரண்டே வாரத்தில் முழுப்பரப்பையும் மூடிவிடும். மூடினால் மீனுக்கு இரை தெரியாது. ஆகவே மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வளையமாக ஒட்டி மிதக்கவிட்டு, அசோலாவை அதற்குள் நிறுத்தினாள். பாதிப் பரப்பு நிழல், பாதி திறப்பு. மீன்கள் நிழலின் ஓரத்திலேயே நின்றன.

மூடிக்குக் கொசுவலைக் கம்பி அடித்த மரச்சட்டம். நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். காற்றுக் குழாய் நுழையும் இடத்தைப் பஞ்சால் அடைத்தார்கள். ஊசி மீன் துள்ளித் தப்புவது எப்போதோ நடக்கும் விபத்து இல்லை. பயந்தால் தண்ணீருக்கு வெளியே பாய்வதுதான் அதன் இயல்பு. மூடி இல்லாத தொட்டியில் இதை வளர்க்கவே கூடாது.

தண்ணீர்: யூரியா கணக்கு தெரிந்தவர்களுக்கு எளிது

யூரியா மண்ணில் அமோனியாவாக மாறி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகிறது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். மீன் தொட்டியிலும் இதே வேலை நடக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட இரையிலிருந்தும் அமோனியா வருகிறது. அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். அவற்றை மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் இருக்காது. அவை ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் அடி மணலிலும் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

அதனால் பெரிய தொட்டியில் முதலில் நாலைந்து குப்பி மீன்களை மட்டும் விட்டு, ஐந்து வாரம் ஃபில்டரை ஓடவிட்டார்கள். அதுவரை ஊசி மீன் சின்னத் தொட்டியில், வாரம் இருமுறை தண்ணீர் மாற்றலில் காலம் தள்ளியது. பங்குனிக் கடைசியில் மதகுப் பள்ளம் முழுதாக வற்றும் முன், இன்னும் இரண்டு ஊசி மீன்களைப் பிடித்தார்கள். இந்த முறை வலை இல்லை. அன்னக்கூடையைத் தண்ணீரில் அமிழ்த்தி, மீனைத் தண்ணீரோடு சேர்த்து அள்ளி, மூடி போட்ட அகல வாளியில் கொண்டுவந்தார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. அது முக்கியம். சின்னதை விட்டால் பெரியது விழுங்கிவிடும்.

இந்த மீனுக்கு 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற்றது. கார அமில நிலை 7-ஐ ஒட்டி இருந்தால் போதும். ஓட்டம் வேகமாக இருக்கக் கூடாது. சித்திரை வெயிலில் தொட்டி சூடாகாமல் இருக்க, ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், வாய் அகன்ற தொட்டியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுவது நல்லது.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, மீனுக்குப் பழகிய தண்ணீர் என்று வாய்க்கால் தண்ணீரையே மாற்றத் தொடங்கினார்கள். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, படித்துறையிலிருந்து நாலு வாளி.

அசையாததைத் தொடாது

கடையில் விற்கும் குருணைத் தீனியை ஊசி மீன் திரும்பியும் பார்க்காது. உயிரோடு அசையும் இரைதான் அதன் கண்ணுக்குப் படும். சின்ன மீன், கூனி இறால், தலைப்பிரட்டை, தண்ணீரில் விழும் பூச்சி இவையே வாய்க்காலில் அதன் சாப்பாடு. இரையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று கவ்வி, பிறகு மெல்லத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். ஒரு குப்பி மீனை விழுங்க இரண்டு, மூன்று நிமிடம்கூட ஆகும். அந்த நேரத்தில் தொந்தரவு செய்தால் இரையை விட்டுவிடும்.

இதற்காக வாங்கிக் கட்டுப்படியாகாது. கொல்லையில் உடைந்த சிமென்ட் தொட்டி ஒன்றில் குப்பி மீன்களை விட்டார்கள். குப்பி குட்டி போடும் மீன். தவிடும் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்குத் தூளும் தூவினாலே பெருகிவிடும். அதோடு படித்துறையில் அரித்தெடுத்த கூனி இறாலும் சேர்ந்து, மூன்று மீன்களுக்கும் செலவில்லாத தீனி ஆயிற்று. தங்க மீன் குஞ்சுகளைத் தொடர்ந்து இரையாகப் போடுவதைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி-1 சத்தை அழிப்பதால், நாளடைவில் மீன் நோய்ப்படும்.

ஆறு மாதத்தில் உயிரில்லாத இறாலையும் தின்னப் பழக்கினாள். நீளமான மூங்கில் குச்சி நுனியில் இறாலைச் செருகி, மேல்மட்டத்தில் மெல்ல ஆட்டினாள். மூன்று வாரம் எந்தப் பலனும் இல்லை. நாலாவது வாரம் ஒன்று கவ்வியது. அதைப் பார்த்து மற்றவையும் கவ்வின. ஐப்பசிக்குள், அவள் மூடியைத் திறந்தாலும் மூன்றும் பாயாமல் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த அளவுக்கு வர எட்டு மாதம் ஆனது. சாப்பிட்ட கையோடு தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்வது அப்பாவுக்கும் வழக்கமாகிவிட்டது.

கார்த்திகையில் வந்த சேதம்

அந்த ஆண்டு ஐப்பசியில் நட்ட சம்பாப் பயிர் கார்த்திகையில் நாற்பது நாள் பயிராக நின்றது. மூன்று நாள் மூட்டம் போட்டது. வரப்போரத்தில் சில இலைகள் சுருண்டு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. இலைச்சுருட்டுப் புழு. பக்கத்து வயலில் மருந்தடித்தார்கள். அவரும் கடையில் கொடுத்த மருந்தை வாங்கி வியாழக்கிழமை 3 ஏக்கருக்கும் அடித்தார். சிந்தெடிக் பைரித்ராய்டு வகை மருந்து அது. வெள்ளிக்கிழமை இரவு நல்ல மழை. பயிர் மூழ்கிவிடக் கூடாது என்று சனிக்கிழமை காலை வடிமடையைத் திறந்துவிட்டார். கடைமடையில் பாசன வாய்க்காலும் வடிகாலும் பல இடங்களில் ஒன்றேதான். வயலிலிருந்து வடிந்த தண்ணீர் படித்துறைப் பக்கம் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு மறுநாள் தேர்வு. அவள் படிக்கட்டும் என்று அம்மாவே நாலு வாளி தண்ணீர் மொண்டுவந்து தொட்டியில் ஊற்றினார். படித்துறையில் வழக்கமாகக் காலைச் சுற்றும் கூனி இறால் ஒன்றைக்கூடக் காணோம் என்பது அவருக்குப் பட்டது. மழைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தார்.

அரை மணியில் ஒரு மீன் மேலே வந்து சுழன்றது. அடுத்தது பக்கவாட்டில் சாய்ந்து துடித்தது. மகள் ஓடிவந்து, ஒரு நாள் முன்பே பிடித்துவைத்திருந்த குழாய்த் தண்ணீரை வாளியில் ஊற்றி, அன்னக்கூடையில் மூன்றையும் அள்ளி மாற்றி, காற்றுக் குழாயைப் போட்டாள். சாயங்காலத்துக்குள் இரண்டு செத்துவிட்டன. மூன்றாவது, மாசியில் முதன்முதலில் பிடித்த மூன்றில் மிஞ்சியது, இரவு முழுக்க வாளியின் அடியில் கிடந்து, மறுநாள் மதியம் மேலே வந்தது.

"அவ படிக்கட்டும்னுதானே நான் ஊத்தினேன்" என்று அம்மா மறுபடி மறுபடி சொன்னார். மகள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் பேசவில்லை. எந்தத் தண்ணீர், எங்கிருந்து வந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

பைரித்ராய்டு மருந்துகள் மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒப்பிட்டால் குறைந்த நஞ்சு. ஆனால் மீன், இறால், நீர்ப்பூச்சிகளுக்கு மிகக் கொடிய நஞ்சு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு கலந்தாலே பல மீன்களைக் கொல்லப் போதுமானது. நெல்லுக்கு இந்த வகையைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிலந்தி, நீள்கொம்பு வெட்டுக்கிளி, மிரிட் நாவாய்ப் பூச்சி போன்ற நன்மை செய்யும் பூச்சிகளை இது அழித்துவிடுவதால், பின்னால் புகையான் பெருகும்.

இருபது குத்துகளின் கணக்கு

திங்கட்கிழமை காலை அவர் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 குத்துகளில் இலைகளை எண்ணினார். புழு அரித்த இலை மருந்தடித்த பிறகும் வெளுத்துச் சுருண்டே இருக்கும் என்பதால், அடிப்பதற்கு முன் எவ்வளவு சேதம் இருந்தது என்று இப்படிக் கண்டுபிடிக்க முடியும். மொத்தம் 960 இலைகள். அதில் சேதப்பட்டவை 39. நூற்றுக்கு 4.

இலைச்சுருட்டுப் புழுவுக்கு, பயிர் வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்கு 10 இலை சேதமானால்தான் மருந்து தேவை. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு 5. இதைத்தான் பொருளாதாரச் சேத நிலை என்று வேளாண்மைத் துறையும் பல்கலைக்கழகமும் சொல்லிவருகின்றன. அதற்குக் கீழே இருந்தால், மருந்துக்கு ஆகும் செலவு புழு செய்யும் நஷ்டத்தைவிட அதிகம். அவருக்கு ஏக்கருக்கு மருந்து 650, அடிகூலி 350 என்று மூன்று ஏக்கருக்கும் 3,000 ரூபாய் ஆகியிருந்தது. அந்தச் செலவை அவர் ஒருவரிடமும் சொல்லிக் குறைப்பட்டதில்லை.

அடுத்த சம்பாவில் யூரியாவை இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்து, பிரித்துப் போட்டார். தழைச்சத்து மிஞ்சிய பயிரைத்தான் இலைச்சுருட்டுப் புழு தேடி வரும். நட்ட 37, 44, 51-ம் நாள்களில் ஏக்கருக்கு 2 சி.சி. வீதம் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் முட்டை ஒட்டுண்ணி அட்டைகளைக் கட்டினார். பறவைகள் உட்கார ஆங்காங்கே குச்சி நட்டார். வாரம் ஒரு முறை 20 குத்துகள் எண்ணினார். அந்தப் பருவம் சேதம் நூற்றுக்கு 6-ஐத் தாண்டவில்லை. புழுவுக்கென்று மருந்து அடிக்கவே இல்லை.

ஆனால் ஒரே வாய்க்காலை நம்பி ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அடிக்காமல் இருந்தால் வாய்க்கால் சுத்தமாகிவிடாது. டீக்கடையில் இதைப் பேசினார்.

"ரெண்டு மீனு செத்ததுக்கு எங்க பயிர விடச் சொல்றியாண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"மீனுக்காகச் சொல்லல தம்பி. எண்ணிப் பாரு. பத்தத் தாண்டுச்சுன்னா அடி. தாண்டலன்னா காசு உன் பையில. அடிச்சா ஒரு வாரம் வடிமடையத் தொறக்காத. அவ்வளவுதான் கேக்குறேன்."

"மழ பேஞ்சா?"

"மழ வர்ற மாதிரி இருந்தா அன்னிக்கு அடிக்கவே அடிக்காத. கழுவிக்கிட்டுப் போற மருந்துக்கு யாரு காசு குடுக்குறது?"

ஏழு பேரில் மூன்று பேர் இப்போது எண்ணிப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். அடிக்கும் முதல் நாள் சாயங்காலம் மற்றவர்களுக்குப் போனில் சொல்வது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் இன்னமும் மறந்துபோகிறார்கள். அதனால் மகள் ஒரு வழி வைத்திருக்கிறாள். வாய்க்கால் தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றுவதில்லை. வாளியில் எடுத்து, அதில் இரண்டு குப்பிகளும் நாலு கூனி இறாலும் விட்டு ஒரு நாள் வைக்கிறாள். கூனி இறால் மீனைவிட முன்னதாகக் காட்டிக்கொடுத்துவிடும். அவை நன்றாக இருந்தால்தான் தண்ணீர் தொட்டிக்குப் போகும். காலையில் வயலுக்குக் கிளம்பும் முன் அப்பாவும் அந்த வாளியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு ஊசி மீன். இன்னும் இரண்டு பிடித்துத் தரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வாய்க்காலில் கொஞ்சம் பெருகட்டும் என்று சொல்லிவிட்டாள்.

வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஊசி மீனோடு வேறு மீன்களைச் சேர்த்து வளர்க்கலாமா?

வாய்க்குள் போகும் அளவு மீன் எதுவும் தப்பாது. ஒரே அளவுள்ள ஊசி மீன்களை மூன்று, நான்காகச் சேர்த்து வளர்ப்பதே நல்லது. வேண்டுமானால், அடிமட்டத்தில் நடமாடும், அளவில் பெரிய, அமைதியான கெண்டை வகைகளைச் சேர்க்கலாம். துரத்திக் கடிக்கும் சிலேபி போன்றவை கூடாது. பயத்தில் ஊசி மீன் கண்ணாடியில் மோதி அலகை உடைத்துக்கொள்ளும்.

தொட்டியில் முட்டையிடுமா?

நீர்த்தாவரங்கள் இருந்தால் வாய்ப்பு உண்டு. முட்டைகளில் நூல் போன்ற இழைகள் இருக்கும். அவற்றால் செடியின் வேரிலும் இலையிலும் ஒட்டிக்கொள்ளும். முட்டை ஒட்டிய செடியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பொரிக்கும் குஞ்சுகளைப் பெரியவை தின்றுவிடும்.

வளர்த்து அலுத்துவிட்டால் வாய்க்காலில் விட்டுவிடலாமா?

கடையில் வாங்கிய எந்த மீனையும் வாய்க்காலிலோ குளத்திலோ விடக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விட்ட சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகி, வலையையும் கிழித்து, நாட்டு மீன்களுக்கும் இடைஞ்சலாக இருக்கிறது. அதே வாய்க்காலில் பிடித்த ஊசி மீனாக இருந்தாலும், கடை மீன்களோடு சேர்த்து வளர்த்திருந்தால் நோயைக் கொண்டுபோகும். விடக் கூடாது. குப்பிகளுக்கும் இதே விதிதான்.

வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தால் மீனுக்குப் பயமில்லையா?

5 சதவிகிதக் கரைசல், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம் பருப்பு, பயிருக்கு நல்லது. பைரித்ராய்டு மருந்துகளோடு ஒப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் மீன்களுக்கு முற்றிலும் தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். மீதியான கரைசலை வாய்க்காலில் கொட்டவோ, தெளிப்பானை வாய்க்காலில் இறங்கிக் கழுவவோ கூடாது. எந்த மருந்தாக இருந்தாலும் தெளிப்பானைக் கழுவிய தண்ணீரை மருந்தடித்த வயலிலேயே ஊற்றிவிட வேண்டும்.

வாய்க்காலில் மீன் செத்து மிதந்தால் என்ன செய்வது?

அந்த மீனைச் சமைக்கக் கூடாது. கோழிக்கும் வாத்துக்கும் போடக் கூடாது. அன்றைக்கு மாடுகளை அங்கே தண்ணீர் குடிக்கவிடக் கூடாது. மேல் பக்கத்து வயல்களில் யார், எப்போது, என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டு, மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்லவும். செத்த மீன்களை அள்ளி, கரையிலிருந்து தள்ளிக் குழிதோண்டிப் புதைத்துவிடவும்.